‘ஃபர் எலிஸ்’ முழுவதையும் வீட்டில் பழக்குவது எப்படி: பியானோ வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கும் உதவும் வழிகாட்டி

பீத்தோவனின் ‘ஃபர் எலிஸ்’ படைப்பின் முதல் எட்டு பார்களை (பார் என்பது தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு தாள அளவு) வாசிக்கும் பிள்ளைகள் ஏராளம். முழுவதையும் ஒரே வேகத்தில், தடுமாறாமல் வாசித்து முடிப்பவர்கள் மிகச் சிலரே. என் மகளுக்கு அவளது பத்தாவது வயதில் இதைப் பழக்கத் துணையிருந்தேன். பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கும் உடனிருந்தேன். எல்லோரும் இடறி விழுந்தது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். அதற்குக் காரணம் விரல்களின் திறமைக் குறைவன்று; பழகிய வரிசை தவறாக இருந்ததே காரணம். ஆகவே இந்த வழிகாட்டி படைப்பின் முதல் பாரிலிருந்து தொடங்கவில்லை.

வாரம் ஒரு முறை ஆசிரியரிடம் செல்லும் பிள்ளை, மீதி ஆறு நாட்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்குள்ள செய்தி. விரல் எண் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) முதலிய எதிலும் ஆசிரியர் வேறு சொன்னால், அவர் சொல்வதே முடிவு.

1. கருவியையும் இருக்கையையும் முதலில் சரிபாருங்கள்

பல வீடுகளில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. இந்தப் படைப்பை அதில் முழுமையாக வாசிக்க இயலாது. பிற்பகுதியில் வலக்கை மேலேறிச் செல்லும் ஓரிடத்தில் மிக உச்சியிலுள்ள டி, ஈ ஆகிய சுரங்கள் தேவைப்படுகின்றன. வழக்கமான 61 கட்டை கீபோர்டு அதற்குக் கீழேயுள்ள சி சுரத்தோடு முடிந்துவிடும். இது தெரியாமல் மூன்று மாதம் பழகி, அந்தப் பக்கத்துக்கு வந்த பின் விழித்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். 88 கட்டைகளும் அழுத்தத்தில் எடையும் உள்ள டிஜிட்டல் பியானோ போதுமானது. எடை ஏன் வேண்டுமென்றால், ஒரே சுரத்தை அடுத்தடுத்து அடிக்கும் பகுதி ஒன்று இதில் இருக்கிறது. இலேசான கட்டைகளில் அதைப் பழகிய கை, தேர்வறையில் உள்ள உண்மையான பியானோவில் இரண்டு வரிக்குள் சோர்ந்துவிடும்.

முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமையுங்கள். கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு மணையை அடியில் போடுங்கள். தொங்கும் காலோடு உட்கார்ந்த பிள்ளை, சமநிலைக்காகத் தோளை இறுக்கிக்கொள்கிறது; அந்த இறுக்கம் மணிக்கட்டு வரை இறங்கிவிடும்.

2. பிள்ளை தயாரா என்பதை ஐந்து நிமிடத்தில் அறியலாம்

ஏ மைனர், சி மேஜர், எஃப் மேஜர் ஆகிய மூன்று ஸ்கேல்களை (வரிசையாக ஏறி இறங்கும் சுரங்களை) ஒவ்வொரு கையாலும் தனித்தனியே நிற்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஏ மைனர் ஆர்பெஜியோவையும் (ஏ, சி, ஈ சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக), வலக்கையால் குரோமாட்டிக் ஸ்கேலையும் (கருப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளும் வரிசையாக) கேளுங்கள். இவை ஐந்தும் இந்தப் படைப்பின் செங்கற்கள். இவற்றில் எது வரவில்லையோ, அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கிவிட்டு வாருங்கள். இந்த இரண்டு வாரத்தைச் சேமிக்க நினைத்தவர்கள் பின்னர் ஆறு வாரத்தை இழக்கிறார்கள்.

இடக்கை ஓர் ஆக்டேவை (ஒரு சுரத்திலிருந்து அதே பெயருடைய அடுத்த சுரம் வரையுள்ள தூரத்தை) ஒரே பிடியில் எட்ட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தொடக்கப் பகுதியில் இடக்கை வாசிக்கும் ஏ–ஈ–ஏ சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருவதால் எட்ட வேண்டியதில்லை. சிறிய கை, விரலை இழுத்து நீட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து சென்றால் போதும்.

3. ஒரே பதிப்பு, ஒரே தாள்

இந்தப் படைப்பு பீத்தோவன் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1867-இல் தான் அச்சானது. பதிப்புகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. எடுத்துக்காட்டாக, 7-ஆவது பாரில் வலக்கையின் இரண்டாவது சுரம் சில பதிப்புகளில் ஈ, சிலவற்றில் டி. ஆசிரியர் ஒரு தாளிலும், வீட்டில் இணையத்தில் கிடைத்த வேறொரு தாளிலும் பழகினால், பிள்ளை வாரந்தோறும் காரணமில்லாமல் திருத்தப்படும். ஆசிரியரின் தாளையே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எளிதாக்கப்பட்ட வடிவங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பழகிய விரல்கள் மூலத்துக்கு மாற மறுக்கும்.

பிறகு ஒவ்வொரு பாருக்கும் பென்சிலால் எண் இடுங்கள். “அந்தக் கஷ்டமான இடம்” என்று சொல்வதற்கும் “34-இலிருந்து 36 வரை” என்று சொல்வதற்கும் பயிற்சி நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

4. மூன்று நிறங்கள்

படைப்பை மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்து வண்ணப் பென்சிலால் ஓரத்தில் கோடிடுங்கள். எல்லோரும் அறிந்த தொடக்கப் பகுதி மூன்று முறை வருகிறது, அதற்கு நீலம். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே எஃப் மேஜர் பகுதி, அதற்குப் பச்சை. இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே, இடக்கை தாழ்ந்த ஏ சுரத்தைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும் பகுதி; அதற்குச் சிவப்பு. என் மகள் இதற்கு ‘இடி’ என்று பெயர் வைத்தாள். வீட்டில் இன்றும் அதுவே பெயர்.

நிறமிட்டதும் பிள்ளைக்கு ஒரு நிம்மதி பிறக்கும். தாளின் பெரும்பகுதி நீலமாக இருப்பதும், உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது பச்சையும் சிவப்புமே என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

5. பச்சையில் தொடங்குங்கள்

தொடக்கப் பகுதியை விட்டுவிட்டுப் பச்சைக்குப் போவதைப் பிள்ளைகள் விரும்புவதில்லை, பெற்றோரும் விரும்புவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பகுதியில் வருபவை பெரும்பாலும் செமிகுவேவர்கள், அதாவது தாளத்தின் ஒரு தட்டுக்கு இரண்டாக வரும் சுரங்கள். பச்சைப் பகுதியின் பிற்பாதியில் அதைவிட இரு மடங்கு விரைவான டெமிசெமிகுவேவர்கள் வருகின்றன. தொடக்கத்தை எளிதென்று நினைத்து ஓட்டிப் பழகிய பிள்ளை, அதே வேகத்தில் பச்சைக்கு வரும்போது சுவரில் மோதியதுபோல் நிற்கிறது. அல்லது வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பகுதி முடிந்ததும் மறுபடி ஓடுகிறது. கேட்பவருக்கு மூன்று வெவ்வேறு படைப்புகளைக் கேட்டதுபோல் இருக்கும். முழுப் படைப்பின் வேகத்தை முடிவு செய்யும் உரிமை அந்த டெமிசெமிகுவேவர்களுக்கே உண்டு. ஆகவே அவற்றை முதலில் பழக வேண்டும்.

அந்த இடத்தில் வலக்கையின் அமைப்பைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். மேலே ஜி சுரம் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒலித்துக்கொண்டிருக்க, இடையில் அதற்குக் கீழே ஏ, பி, சி, டி என்று மற்றொரு வரிசை மேலேறுகிறது. முதலில் ஜி சுரத்தை விட்டுவிட்டு ஏறும் வரிசையை மட்டும் வாசிக்கச் செய்யுங்கள். அதன் பின் சுண்டுவிரலை ஜி மீது வைத்து, மிக மெதுவாக, இடையிடையே சேர்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் கட்டையை விட்டு எழும்பவே கூடாது. எழும்பி எழும்பி விழுந்தால் அந்த ஜி, மெட்டைவிட உரக்கக் கேட்கும். இடக்கை அங்கே நிதானமாகவே நடப்பதால், வலக்கை உறுதியான பிறகு அதைச் சேர்ப்பது கடினமன்று.

மெட்ரோனோமை (சீராகத் தட்டொலி தரும் கருவியை) 50-இல், அதாவது நிமிடத்துக்கு 50 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு குவேவர் (இரண்டு செமிகுவேவர்களின் நீளம்) என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நான்கு சுரங்கள் அடங்க வேண்டும். இந்த ‘ஒரு தட்டு, ஒரு குவேவர்’ ஏற்பாட்டைக் கடைசி வரை மாற்றாதீர்கள்.

6. தக, தகிட, தகதிமி

மேற்கத்திய இசை கற்கும் பிள்ளைக்கு எதற்குச் சொற்கட்டு என்று கேட்கலாம். நான் கண்ட வரையில் இதைவிட விரைவாகப் பலன் தந்த கருவி வேறில்லை. இந்தப் படைப்பில் ஒரே தட்டு மூன்று விதமாகப் பிரிகிறது. நீலத்தில் தட்டுக்கு இரண்டு சுரம்: தக. சிவப்பின் முடிவில் தட்டுக்கு மூன்று: தகிட. பச்சையின் விரைவான இடத்தில் தட்டுக்கு நான்கு: தகதிமி.

பியானோவைத் தொடுவதற்கு முன், மெட்ரோனோம் ஓடிக்கொண்டிருக்கத் தொடையில் தட்டியபடி இம்மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லப் பழக்குங்கள். ‘தக’விலிருந்து ‘தகதிமி’க்கு மாறும்போது தட்டு நகரக் கூடாது. வாயால் சொல்ல வராத மாற்றம் விரலில் ஒருபோதும் வராது.

புகழ்பெற்ற அந்தத் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் பிழையும் இதனால் வெளிப்படும். தாளம் 3/8 (ஒரு பாருக்கு மூன்று குவேவர்), முன்னோட்டமாக வரும் ஈ, டி ஷார்ப் (டி-யின் வலப்பக்கக் கருப்புக் கட்டை) இரண்டையும் கழித்துவிட்டால், முதல் பாரில் ஆறு சுரங்கள் உள்ளன: ஈ, டி ஷார்ப், ஈ, பி, டி, சி. இவை மூன்று ‘தக’. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை இரண்டு ‘தகிட’வாக வாசிக்கிறார்கள், அதாவது பி சுரத்தில் ஓர் அழுத்தம் விழுகிறது. அப்படி வாசித்தாலும் காதுக்கு இனிமையாக இருப்பதால் யாரும் திருத்துவதில்லை. இடக்கை சேர்ந்த பிறகுதான் ஏதோ நொண்டுவதுபோல் தோன்றும்.

7. சிவப்பு: இடியும் ஏணியும்

இடிப் பகுதியில் இடக்கை, தாழ்ந்த ஏ சுரத்தைச் செமிகுவேவர்களாக அடித்துக்கொண்டே இருக்க, மேலே வலக்கையில் கனமான கார்டுகள் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டுகள்) வருகின்றன. இங்கே நேரும் தவறு ஒன்றே: முன்கையை இறுக்கி முழுக் கையாலும் குத்துவது. கட்டையை முழுதும் மேலே வர விடாமல், பாதி எழும்பியதும் மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அசைவு சிறிதாகும், கை சோராது. ஒரு நாளைக்கு எட்டு பார்களுக்கு மேல் இதைப் பழக வேண்டாம். கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியைத் தாங்கிப் பழகுவது இறுக்கத்தையே பழக்கமாக்கும்.

வலக்கையின் முதல் கார்டு, ஈ, ஜி, பி ஃப்ளாட் (பி-யின் இடப்பக்கக் கருப்புக் கட்டை), சி ஷார்ப் என்று நான்கு சுரங்கள் கொண்டது. நான்கும் ஒரே கணத்தில் ஒலிக்கப் பிள்ளைக்குச் சில நாட்கள் ஆகும். முதலில் விரல்களைக் கட்டைகளின் மேல் ஓசையில்லாமல் வைத்து, வடிவம் சரியானதும் அழுத்தச் சொல்லுங்கள். தூக்கி, மடியில் வைத்து, மறுபடி வடிவத்தைத் தேடச் சொல்லுங்கள்.

இடிக்குப் பின் வருவது ஏணி. பார்க்க அச்சமூட்டும், உண்மையில் கற்க வேண்டியவை ஒன்பது சுரங்களே. ஏ–சி–ஈ, ஏ–சி–ஈ, டி–சி–பி: மூன்று தகிட. இதே ஒன்பது, ஒவ்வோர் ஆக்டேவ் மேலே தள்ளி, மொத்தம் மூன்று முறை. இறுதி நான்கு சுரங்களான ஈ–டி–சி–பி-யை 5, 4, 3, 2 விரல்களால் வாசித்தால், அடுத்த சுற்றின் தொடக்கமான ஏ மீது கட்டைவிரல் தானாகவே அமர்ந்துவிடுகிறது. இந்த ஒரு செய்தியைப் பிள்ளை உணர்ந்துவிட்டால் ஏணி ஒரே நாளில் வரும்.

உச்சியிலிருந்து இறங்குவது குரோமாட்டிக் ஸ்கேல். 18 சுரங்கள், ஆறு தகிட. கருப்புக் கட்டைக்கு 3-ஆம் விரல், வெள்ளைக்குக் கட்டைவிரல், இரண்டு வெள்ளைகள் அடுத்தடுத்து வரும் எஃப்–ஈ, சி–பி இடங்களில் 2, 1. பிள்ளைகள் இறங்கும்போது விரைந்து, கீழே வந்து காத்திருப்பார்கள். ஒவ்வொரு தகிடவின் முதல் சுரத்தையும் சற்றே அழுத்தச் செய்தால் அந்த ஓட்டம் கட்டுப்படும். பழகிய பின் அழுத்தத்தை எடுத்துவிடலாம்.

8. இப்போது நீலம்

பெரும்பாலும் பிள்ளை இதை ஏற்கெனவே காணொளி பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும். அதனால் இதைப் புதிதாகக் கற்பிப்பதைவிட மறுபடி கற்பிப்பது கடினம். தொடக்கத்துக்கு வழக்கமான விரல் வரிசை 5-4-5-4-5-2-4-3-1, இடக்கைக்கு 5-2-1. தாளில் எழுதி, ஒவ்வொரு நாளும் அதே விரல்களால் வாசிக்கச் செய்யுங்கள். விரல் நாளுக்கு நாள் மாறினால் கை எதையும் நினைவில் வைப்பதில்லை.

நீலத்தில் உண்மையான கண்ணி, 12-ஆவது பாரை ஒட்டி இருக்கிறது. ஈ சுரம் மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி ஆக்டேவ் ஆக்டேவாக மேலேறி, பிறகு டி ஷார்ப்–ஈ என்ற இணை, இடையில் ஓய்வுகளோடு திரும்பத் திரும்ப வந்து, எந்தக் கணத்தில் என்று தெரியாமலே முதல் மெட்டுக்குள் நழுவுகிறது. எத்தனை முறை வாசித்தோம் என்பது பிள்ளைக்கு மறந்துபோகும், “இன்னும் இரண்டா, மூன்றா?” என்று என் மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். எனக்கும் தெரியாது.

இணைகளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்களை எண்ணத் தொடங்கிய பிறகுதான் இது தீர்ந்தது. அந்தப் பார்களில் ஒவ்வொரு தட்டின் மேலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டேன். ஓய்வு உள்ள தட்டுக்கும் கோடு உண்டு. பியானோவின் மேல் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று உரக்கச் சொல்லியபடி அந்தப் பார்களை மட்டும் சரியாக வாசிக்கும்போதெல்லாம் ஒன்றை இடமிருந்து வலத்துக்கு நகர்த்தினோம். பிழை வந்தால் எல்லாக் கொட்டைகளும் முதலிடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சிலர் விதி வைக்கிறார்கள். ஐந்தாவது முறையில் கை நடுங்கி அழுத பிள்ளையைப் பார்த்த பின் நான் அதை ஏற்பதில்லை. ஒன்று மட்டும் திரும்பினால் போதும். மூன்றாம் நாள் மாலை அவள் என்னைப் பார்க்காமலே அந்த இடத்தைக் கடந்தாள்.

9. இரு கைகளையும் சேர்க்கும் அளவு

ஒரு பாரும், அடுத்த பாரின் முதல் சுரமும்: இதுவே சேர்த்துப் பழகும் அளவு. பார் முடியும் இடத்திலேயே நிறுத்திப் பழகினால், அந்தக் கோட்டில் நிற்பதும் சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடும். அடுத்த பாரின் முதல் சுரத்தைத் தொட்டுவிட்டு நின்றால், ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு ஏற்கெனவே பின்னியிருக்கும்.

பிழை நேர்ந்தால் தொடக்கத்துக்கு ஓடுவது பிள்ளைகளின் இயல்பு. அதைத் தடுப்பதே வீட்டில் இருப்பவரின் முதன்மையான வேலை என்பேன். பிழை 34-இல் என்றால் 33-இலிருந்து, அவ்வளவே.

10. வேகத்தை ஏற்றுவது

பச்சையின் டெமிசெமிகுவேவர்கள் மூன்று நாட்கள் தொடர்ந்து தெளிவாக வந்தால் மட்டுமே மெட்ரோனோமை 4 ஏற்றுங்கள். நீலமும் சிவப்பும் எவ்வளவு நன்றாக வந்தாலும், அன்று பச்சைக்கு உள்ள எண்ணே அவற்றுக்கும். ‘போகோ மோட்டோ’ என்று தாளில் இருப்பது சிறிது அசைவோடு என்ற அளவிலான குறிப்பே. 100-ஐ ஒட்டி சீராக வாசிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு மேலும் விரைய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இதற்குப் பெரிய எதிரி, வீட்டுக்கு வரும் உறவினர். “எங்கே கண்ணு, அந்தப் பாட்டைக் கொஞ்சம் வாசி” என்பார்கள். பிள்ளை நீலத்தின் முதல் எட்டு பார்களை மின்னல் வேகத்தில் வாசித்துப் பாராட்டுப் பெற்றுவிடும். ஒரு வாரப் பயிற்சி அங்கேயே கரையும். அந்த மாதங்களில் விருந்தினருக்கு வேறொரு சிறிய படைப்பை ஆயத்தமாக வைத்திருங்கள்.

11. மூட்டுகளை மட்டும் பழகும் வாரம்

மூன்று பகுதிகளும் தனித்தனியே வந்த பிறகும், நிறம் மாறும் இடங்களில் பிள்ளை நின்று மூச்சு வாங்கும். நீலத்தின் கடைசி இரண்டு பார்களையும் பச்சையின் முதல் இரண்டு பார்களையும் மட்டும் எடுத்து, ஒரு வாரம் முழுவதும் இத்தகைய நான்கு மூட்டுகளை மட்டும் பழக்குங்கள். குரோமாட்டிக் இறக்கத்திலிருந்து நீலத்துக்குத் திரும்பும் மூட்டுதான் கடினம்: அங்கே தகிட, தகவாக மாறுகிறது. 6-ஆம் படியில் தொடையில் தட்டிப் பழகியது இங்கே கைகொடுக்கும்.

12. பெடல்

காலால் அழுத்தி ஒலியை நீடிக்கச் செய்யும் பெடலைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் பிசிறுகளையெல்லாம் அது மூடி மறைத்துவிடும். நீலத்தில் இடக்கையின் முதல் சுரத்தோடு அழுத்தி, அந்தப் பார் முடியுமுன் எடுத்துவிடலாம். ஈ–டி ஷார்ப் அலையும் தொடக்கப் பாரில் பெடல் வேண்டாம்; அடுத்தடுத்த இரண்டு சுரங்களும் ஒன்றாகக் கலந்து கலங்கலாகும். குரோமாட்டிக் இறக்கத்துக்கும் அதே காரணத்தால் பெடல் இல்லை.

13. மனப்பாடத்தைச் சோதிப்பது

நாள்தோறும் இருபத்தைந்து நிமிடம் என்றால், இதுவரை வர மூன்று மாதமாவது ஆகும். இப்போது தாளை மூடிவிட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை சீட்டெழுதிக் குலுக்கி, வந்த எண்ணுக்குரிய இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். தொடர்ச்சியால் மட்டும் மனப்பாடமான படைப்பு, நடுவில் அறுந்தால் ஒட்டாது. பத்து இடங்களிலிருந்தும் தொடங்கத் தெரிந்த பிள்ளை, இடறினாலும் அடுத்த இடத்தைப் பற்றிக்கொண்டு மேலே போகும். இதற்கு ஏற்ற பத்து இடங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துத் தாளில் வட்டமிடட்டும். என் மகள் வட்டமிட்டவற்றில் ஆறு, பச்சையிலும் சிவப்பிலும் இருந்தன.